அமெரிக்காவில் நர்ஸ் ஆக: கம்யூனிட்டி காலேஜா, பல்கலைக்கழகமா?

அமெரிக்காவில் ஆர்.என். (ரெஜிஸ்டர்ட் நர்ஸ்) லைசென்ஸ் வாங்க முக்கியமாக நாலு வழி இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜில் ஏ.டி.என். என்கிற அசோசியேட் பட்டம். பல்கலைக்கழகத்தில் பி.எஸ்.என். என்கிற நாலு வருட இளங்கலைப் பட்டம். கையில் ஏற்கெனவே ஒரு பட்டம் இருப்பவர்களுக்கு ஏ.பி.எஸ்.என். என்கிற விரைவுப் படிப்பு. இல்லாவிட்டால் முதலில் எல்.பி.என். என்கிற, ஆர்.என்.-க்கு ஒரு படி கீழான நர்ஸ் ஆகி, சம்பாதித்துக்கொண்டே மேலே படிப்பது. எதில் போனாலும் கடைசியில் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ்-ஆர்.என். தேர்வுதான். கிடைப்பதும் ஒரே லைசென்ஸ்.

இதை யாருக்காக எழுதுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் பி.இ., பி.காம்., பி.எஸ்ஸி. ஏதோ ஒன்று முடித்து, கல்யாணமாகி இங்கே வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் "இனி நமக்கென்று ஒரு வேலை வேண்டும்" என்று நர்சிங் பக்கம் பார்க்கிறவர்களுக்காக. ஆண்களும் நிறையப் பேர் கேட்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான். இந்தியாவிலேயே பி.எஸ்ஸி. நர்சிங் முடித்தவர்கள் இந்த நாலில் எதிலும் சேர வேண்டியதில்லை. உங்கள் படிப்பை ட்ரூமெரிட் (முன்பு சி.ஜி.எஃப்.என்.எஸ். என்று பெயர்) மாதிரியான அமைப்பு வழியாக மதிப்பீடு செய்து, மாநில நர்சிங் போர்டில் விண்ணப்பித்து, நேராக என்கிளெக்ஸ் எழுதலாம். இது தெரியாமல் மறுபடி முதல் வகுப்பிலிருந்து தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

ஏ.டி.என். என்றால் மட்டமான படிப்பு என்று நம்மவர்கள் நடுவே ஓர் எண்ணம் இருக்கிறது. அது சரியில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நர்ஸ் பற்றாக்குறை கடுமையாக இருந்த காலத்தில், மில்ட்ரெட் மோன்டாக் என்ற பேராசிரியை கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் 1951-ல் முன்வைத்த திட்டம் இது. அடுத்த ஆண்டே சில கல்லூரிகளில் சோதனையாகத் தொடங்கினார்கள். அதுவரை பெரும்பாலான நர்சுகள் ஆஸ்பத்திரிகளே நடத்திய மூன்று வருட டிப்ளமோ பள்ளிகளில்தான் படித்தார்கள். படிப்பென்ற பெயரில் வார்டு வேலையும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. அதை மாற்றி, நர்சிங்கைப் பெருமளவில் கல்லூரிக்குள் கொண்டுவந்ததில் இந்த இரண்டு வருடப் படிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, பணத்தைப் பார்ப்போம்.

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 70 யூனிட் படித்தாலும் 3,220 டாலர்தான். அதற்கு மேல் புத்தகம், யூனிஃபார்ம், ஸ்டெதஸ்கோப், பயிற்சித் தேர்வுகளுக்கான ஆன்லைன் சந்தா, பின்னணிச் சோதனை என்று சில ஆயிரம் ஆகும். மற்ற மாநிலங்களில் கட்டணம் கூடலாம், ஆனாலும் கம்யூனிட்டி காலேஜ் என்றால் கையைச் சுடாது. தனியார் பல்கலைக்கழக ஏ.பி.எஸ்.என். 50,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். அரசுப் பல்கலைக்கழகத்தில் அதைவிடக் குறைவு. ஆனால் அங்கே இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு.

உதவித்தொகையை நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கையில் ஒரு இளங்கலைப் பட்டம் இருந்தால் மத்திய அரசின் பெல் கிராண்ட் கிடையாது. அது மதுரையிலோ கோயம்புத்தூரிலோ வாங்கிய பட்டமானாலும் அப்படித்தான். கிரீன் கார்டு இருந்தால் மத்திய அரசின் மாணவர் கடன் கிடைக்கும். எச்-4 விசாவில் (எச்-1பி-யில் வேலை பார்ப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) இருந்தால் அதுவும் இல்லை. எச்-4-ல் படிப்பதற்குத் தடை ஏதுமில்லை, எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியதும் இல்லை. பல மாநிலங்களில் உள்ளூர்க் கட்டணமே வாங்குவார்கள். ஆனால் படித்து முடித்து வேலையில் சேர வேலை அனுமதி வேண்டும். படிப்பு முடிகிற வருடத்தில் உங்கள் ஈ.ஏ.டி. (வேலை அனுமதி அட்டை) அல்லது கிரீன் கார்டு எந்த நிலையில் இருக்கும் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு, அப்புறம் காலேஜ் பக்கம் போங்கள். சில மாநிலங்களில் லைசென்ஸுக்கே சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இவ்வளவையும் கேட்டால் கம்யூனிட்டி காலேஜ்தான் என்று உடனே முடிவெடுக்கத் தோன்றும். கால அளவையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு அத்தனை சுலபமில்லை.

"இரண்டு வருடப் படிப்பு" என்பது நர்சிங் வகுப்பில் காலை வைத்த நாளிலிருந்து எண்ணுவது. அதற்கு முன்னால் ப்ரீரெக் என்று எல்லோரும் சொல்கிற முன்பாடங்கள் இருக்கின்றன. அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி, மூன்றும் லேபுடன். ஆங்கிலக் கட்டுரை, உளவியல், வாழ்நாள் வளர்ச்சி உளவியல், சில இடங்களில் ஸ்டாடிஸ்டிக்ஸ், கெமிஸ்ட்ரி. எல்லா அறிவியல் பாடங்களையும் ஒரே செமஸ்டரில் அடுக்க முடியாது. பல இடங்களில் ஒன்றை முடித்தால்தான் அடுத்ததற்குப் பதிவு செய்ய விடுவார்கள். வீட்டையும் பார்த்துக்கொண்டு படிப்பவருக்கு இதிலேயே ஒன்றரை முதல் இரண்டு வருடம் போகும். பிறகு விண்ணப்பம், பதிலுக்குக் காத்திருப்பு, அதன் பிறகுதான் அந்த நாலு செமஸ்டர். மொத்தம் நாலு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏ.பி.எஸ்.என். படிக்கவும் முன்பாடங்கள் வேண்டும், சொல்லப்போனால் இன்னும் ஒன்றிரண்டு கூடுதலாகவே. ஆனால் உள்ளே போனால் 12 முதல் 18 மாதத்தில் முடிந்துவிடும்.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகக் கணக்குப்படி 2023 மே மாதத்தில் ஆர்.என். சம்பளத்தின் நடு அளவு ஆண்டுக்கு 86,070 டாலர். கம்யூனிட்டி காலேஜில் இடத்துக்குக் காத்திருந்து ஒரு வருடம் தள்ளிப் போனால், மிச்சம் பிடித்த கட்டணத்தில் பெரும்பகுதி அந்த ஒரு வருடச் சம்பள இழப்பிலேயே கரைந்துவிடும். "மலிவு" என்ற ஒரே காரணத்துக்காக வரிசையில் மூன்று வருடம் நிற்பது புத்திசாலித்தனம் இல்லை.

அப்படியானால் ஏ.பி.எஸ்.என். மேலா? என் பதில், பெரும்பாலோருக்கு இல்லை. காரணம், தவறினால் வரும் சேதம். நர்சிங் படிப்புகளில் தேர்ச்சி மதிப்பெண் பல இடங்களில் 75 அல்லது 78 சதவீதம். 74.9 வாங்கினாலும் முழுமையாக்க மாட்டார்கள். ஒரு பாடத்தில் தோற்றால் அடுத்த குழுவோடு திரும்பச் சேர வேண்டும், இரண்டாவது முறை தோற்றால் பெரும்பாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். கம்யூனிட்டி காலேஜில் இப்படி ஆனால் சில ஆயிரம் டாலரோடு போகும். ஏ.பி.எஸ்.என்.-ல் பாதியில் நின்றால் பட்டம் இல்லாமல் 40,000 டாலர் கடன் மட்டும் மிஞ்சும். வேகம் வேறு. மூன்று வாரத்துக்கு ஒரு பெரிய தேர்வு என்பது அங்கே ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒன்றாகிவிடும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் வகுப்பு போனால் எழுந்து நிற்பது கஷ்டம். மாமியாரோ அம்மாவோ கூடவே இருந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள், ஒன்றரை வருடத்துக்குச் சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அறிவியல் பாடங்களில் எல்லாம் ஏ வாங்கியிருக்கிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள். அப்படிப்பட்டவருக்கு அதுதான் சரியான வழி.

நாலு வருட பி.எஸ்.என். பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு நல்லது. ஏற்கெனவே பட்டம் வைத்திருப்பவருக்கு அதில் தனி லாபம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எல்.பி.என். வழியைப் பற்றியும் நிறையக் கேட்கிறார்கள். டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் இதே வேலைக்கு எல்.வி.என். என்று பெயர். ஏறக்குறைய ஒரு வருடப் படிப்பு, தனி என்கிளெக்ஸ்-பி.என். தேர்வு. 2023-ல் நடு அளவுச் சம்பளம் 59,730 டாலர். வேலை பெரும்பாலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் வீட்டுப் பராமரிப்பிலும். அதிலிருந்து ஆர்.என். ஆக இணைப்புப் படிப்புகள் உண்டு, ஆனால் அவற்றுக்கும் அதே அனாட்டமி, அதே மைக்ரோபயாலஜி கேட்பார்கள், இடமும் குறைவு. உடனே சம்பளம் வந்தாக வேண்டிய வீட்டு நிலைமை என்றால் மட்டும் இதை யோசியுங்கள்.

இன்னொரு வழியை எச்சரிக்கைக்காகச் சொல்கிறேன். "வெயிட்லிஸ்ட் இல்லை, உடனே சேரலாம்" என்று விளம்பரம் செய்யும் லாபநோக்கப் பள்ளிகள். எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2023 ஜனவரியில் 'ஆபரேஷன் நைட்டிங்கேல்' என்ற பெயரில் மத்திய விசாரணை அமைப்புகள் வெளிக்கொண்டுவந்த விவகாரத்தில், ஃப்ளோரிடாவில் இருந்த மூன்று பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ்கள் விற்கப்பட்டிருந்தன. எந்தப் பள்ளியானாலும் மூன்றைப் பாருங்கள்: மாநில நர்சிங் போர்டின் ஒப்புதல், ஏ.சி.இ.என். அல்லது சி.சி.என்.இ. அங்கீகாரம், என்கிளெக்ஸில் முதல் முறையே தேறியவர்களின் சதவீதம். கடைசியாகச் சொன்னதைப் பல மாநில போர்டுகள் பள்ளி வாரியாக வெளியிடுகின்றன. அங்கீகாரம் இல்லாத பள்ளியில் படித்தால் பின்னால் பி.எஸ்.என். சேரவும் சில ஆஸ்பத்திரிகளில் வேலைக்கும் கதவு சாத்திவிடுவார்கள்.

வேலை விஷயத்தில் ஏ.டி.என்.-க்கும் பி.எஸ்.என்.-க்கும் வித்தியாசம் உண்டா? உண்டு. 2003-ல் நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐகன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஒரு ஆஸ்பத்திரியில் பி.எஸ்.என். நர்சுகளின் பங்கு 10 சதவீதப் புள்ளி கூடும்போது அறுவைச் சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. 2010-ல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் அறிக்கை, 2020-க்குள் நர்சுகளில் 80 சதவீதம் பேர் பி.எஸ்.என். ஆக வேண்டும் என்றது. நியூயார்க் மாநிலம் 2017-ல் சட்டமே போட்டது: புதிதாக லைசென்ஸ் வாங்குகிறவர்கள் பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடிக்க வேண்டும். சிறந்த நர்சிங் சேவைக்கான மேக்னெட் அங்கீகாரம் பெற்ற பெரிய நகர ஆஸ்பத்திரிகள் புதிய நர்சுகளை எடுக்கும்போது பி.எஸ்.என்.-ஐத்தான் முதலில் பார்க்கின்றன. சிறு நகர ஆஸ்பத்திரி, டயாலிசிஸ் மையம், மறுவாழ்வு மையம் இங்கெல்லாம் ஏ.டி.என்.-க்கு நல்ல வரவேற்பு. ஆகவே நீங்கள் குடியிருக்கும் ஊர் எது என்பது முக்கியம். உங்கள் வீட்டிலிருந்து போய்வரக் கூடிய ஆஸ்பத்திரிகளின் வேலை அறிவிப்புகளை இப்போதே படியுங்கள். எல்லாவற்றிலும் "பி.எஸ்.என். கட்டாயம்" என்று இருந்தால் அது ஒரு பெரிய குறிப்பு.

இதற்கு ஒரு நல்ல நடுவழி இருக்கிறது, நம்மவர்களில் பாதிப் பேருக்கு அது தெரிவதில்லை. ஏ.டி.என். படிக்கும்போதே பல்கலைக்கழகத்திலும் பதிவு செய்துகொண்டு இரண்டையும் சேர்த்து முடிப்பது. வட கரோலைனாவில் 'ரிபன்' என்ற திட்டம் இப்படி நடக்கிறது. ஓரிகனில் பல கம்யூனிட்டி காலேஜ்கள் மாநில மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு ஒரே பாடத்திட்டத்தில் இயங்குகின்றன. கலிஃபோர்னியாவில் பல கல்லூரிகள் மாநிலப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. ஃப்ளோரிடாவில் மயாமி டேட் காலேஜ் போன்றவை பி.எஸ்.என். பட்டமே தருகின்றன. உங்கள் ஊரில் இப்படி ஒன்று இருந்தால், வேறெதையும் யோசிக்காமல் அதற்குத்தான் முதலில் முயற்சி செய்யச் சொல்வேன். இல்லாவிட்டாலும் ஏ.டி.என். முடித்து வேலையில் சேர்ந்து, ஆஸ்பத்திரியின் படிப்புதவித் தொகையில் ஆன்லைனில் பி.எஸ்.என். முடிக்கலாம். நான் வந்தது அந்த வழியில்தான். வேலை பார்த்துக்கொண்டு படிப்பது களைப்பாக இருக்கும், ஆனால் வார்டில் கண்ணால் பார்ப்பதைப் பற்றியே கட்டுரை எழுதுவதால் படிப்பு மனதில் நிற்கும்.

இனி, உள்ளே நுழைவது எப்படி என்பது. படிப்பில் சேரத் தகுதி இருந்தும் இடம் இல்லை என்பதுதான் இந்த நாட்டின் நிலைமை. அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் சங்கத்தின் கணக்கில் 2023-ல் பி.எஸ்.என்., அதற்கு மேலான படிப்புகளில் மட்டும் தகுதியுள்ள 65,766 விண்ணப்பங்கள் திருப்பி அனுப்பப்பட்டன. சொல்லித்தர ஆசிரியர் இல்லை, க்ளினிக்கல் பயிற்சிக்கு வார்டுகளில் இடமில்லை. கம்யூனிட்டி காலேஜ்களிலும் அதே தட்டுப்பாடுதான். அதனால் தேர்வு முறை கல்லூரிக்குக் கல்லூரி மாறும்: சிலவற்றில் மதிப்புப் புள்ளிகள், சிலவற்றில் குலுக்கல், சிலவற்றில் வரிசைப் பட்டியல்.

என் ஒரே வற்புறுத்தல் இதுதான்: முதல் பாடத்துக்குப் பதிவு செய்வதற்கு முன்பே, போகக்கூடிய தூரத்தில் உள்ள எல்லாக் கல்லூரிகளின் புள்ளித்தாளையும் எடுத்து மேஜையில் வையுங்கள். எந்தப் பாடத்துக்கு எத்தனை புள்ளி, ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தால் கழிப்பார்களா, அறிவியல் பாடம் ஐந்து அல்லது ஏழு வருடத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டுமா, ஆன்லைன் லேபை ஏற்பார்களா, உங்கள் இந்தியப் பட்டத்துக்குப் புள்ளி உண்டா. எல்லாம் அதில் இருக்கும். இருப்பதிலேயே கடுமையான தாள் எதுவோ, அதற்கேற்பப் பாடங்களைத் தேர்ந்தெடுத்தால் மற்ற இடங்களுக்கும் விண்ணப்பிக்க முடியும். இந்தியப் பட்டத்தை டபிள்யூ.இ.எஸ். அல்லது இ.சி.இ. வழியாகப் பாடவாரி மதிப்பீடு செய்யுங்கள். பொதுப் பாடங்கள் சிலவற்றை மறுபடி படிக்க வேண்டியிருக்காது, லேப் அறிவியலை மட்டும் இங்கேதான் படிக்கச் சொல்வார்கள்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அங்கே புள்ளி முறைக்கு அடிப்படையான மாநிலச் சட்டம், ஆங்கிலம் அல்லாத மொழித் திறனையும் ஒரு அளவுகோலாக வைத்திருக்கிறது. இந்தியத் துணைக்கண்ட மொழிகள் அதில் குறிப்பிடப்பட்டுள்ளன. தமிழுக்குப் புள்ளி கிடைக்குமா, அதற்கு என்ன சான்று வேண்டும் என்று கல்லூரியில் கேளுங்கள். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இரண்டு மூன்று புள்ளிதான் வித்தியாசம் இருக்கும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை.

நுழைவுத் தேர்வு பல இடங்களில் டீஸ், சில இடங்களில் ஹெசி. டீஸில் 170 கேள்வி, 209 நிமிடம்: வாசிப்பு, கணக்கு, அறிவியல், ஆங்கிலம். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் தேர்ச்சி வரம்பு 62 சதவீதம், ஆனால் புள்ளி வேண்டுமென்றால் 80-ஐத் தாண்ட வேண்டும். நம்மவர்களுக்குக் கணக்கு பிரச்சினையே இல்லை. கால்குலேட்டர் வேறு திரையிலேயே தருவார்கள். புள்ளி போவது வாசிப்பிலும் ஆங்கிலத்திலும்தான். அறிவியலில் இருப்பதிலேயே பெரிய பிரிவு உடலமைப்பும் உடலியக்கமும் என்பதால், அந்தப் பாடம் முடிந்த கையோடு எழுதுங்கள். செமஸ்டருக்கு ஒரே ஒரு கடின அறிவியல் பாடம், அதில் ஏ. இரண்டு எடுத்து இரண்டிலும் பி வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

இடம் கிடைக்கும்வரை காத்திருக்கும் காலத்தில் சி.என்.ஏ. என்கிற நர்சிங் உதவியாளர் பயிற்சி முடித்துச் சில மாதம் வேலை பாருங்கள். மத்திய அரசு வகுத்த குறைந்தபட்சம் 75 மணி நேரப் பயிற்சி, பல மாநிலங்களில் அதைவிட அதிகம். சில கல்லூரிகள் கட்டாயமாகவே கேட்கின்றன. புள்ளிக்காக மட்டும் சொல்லவில்லை. பெரியவர் ஒருவரைக் குளிப்பாட்டி, படுக்கையை மாற்றி, மலஜலம் சுத்தம் செய்து, அவர் கோபப்படும்போதும் முகம் மாறாமல் நிற்பது நம்மால் முடியுமா என்பதைப் பல ஆயிரம் டாலரும் நாலு வருடமும் போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. நம் வீடுகளில் "இதையெல்லாம் நீ ஏன் செய்யணும்" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அந்தப் பேச்சையும் இப்போதே பேசி முடித்துவிடலாம். பலர் இந்த வேலையில்தான் நர்சிங்கை உண்மையாகவே விரும்பத் தொடங்குகிறார்கள்.

தடுப்பூசிக் காகிதங்களை இன்றே தேடுங்கள். ஊரில் போட்ட ஊசிக்கு அட்டை இல்லையென்றால் தட்டம்மை, அம்மைக்கட்டு, ரூபெல்லா, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி ஆகியவற்றுக்கு ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பார்க்கும் டைட்டர் சோதனை செய்யலாம். ஹெபடைடிஸ் பி மறுபடி போட வேண்டி வந்தால், வழக்கமான மூன்று ஊசித் தொடர் முடிய ஆறு மாதம் ஆகும். அப்புறம் காசநோய்ச் சோதனை. குழந்தையில் பி.சி.ஜி. போட்ட நமக்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை தவறாக 'பாசிட்டிவ்' காட்டக்கூடும். குவான்டிஃபெரான் போன்ற ரத்தச் சோதனையை ஏற்பார்களா என்று கேட்டு, அதையே செய்யுங்கள். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) அட்டை, பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை எல்லாம் சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு கேட்பார்கள்.

கடிதத்தில் "ஆல்டர்நேட்", அதாவது யாராவது விலகினால்தான் இடம், என்று வந்தால் மனம் விட்டுவிட வேண்டாம். சேர்ந்தவர்களில் யாராவது வேறு ஊருக்கு மாறிப் போவார்கள், யாருக்காவது சோதனை அறிக்கை நேரத்துக்கு வராது. வகுப்பு தொடங்கும் வாரத்தில்கூட ஃபோன் வரும், இரண்டு மூன்று நாளில் எல்லாக் காகிதமும் கொடு என்பார்கள். டைட்டர் அறிக்கையும் பி.எல்.எஸ். அட்டையும் தயாராக வைத்திருப்பவரால்தான் அந்த இடத்தை எடுத்துக்கொள்ள முடியும்.